இன்னும் புத்தகத்தைத் திறக்கவே இல்லை

தேர்வு அறையின் கதவு திறப்பதற்கு முந்தைய பத்து நிமிடங்களில் மாணவர்கள் பேசிக்கொள்வதை வெளியாள் ஒருவர் கேட்க நேர்ந்தால், அந்தத் தேர்வுக்கு ஒருவர்கூடப் படித்துவிட்டு வரவில்லை என்றுதான் அவர் நினைப்பார். நேற்றிரவு ஒன்பது மணிக்கே தூங்கிவிட்டதாக ஒருவன் சொல்வான். முதல் இரண்டு பாடங்களைப் புரட்டிப் பார்த்ததோடு சரி என்பாள் ஒருத்தி. கண்கள் சிவந்து, சுவரில் சாய்ந்தால் அப்படியே தூங்கிவிடுவான் போல நிற்கிறவன், "நான் இன்னும் புத்தகத்தைத் திறக்கவே இல்லை" என்பான். இந்தப் பேச்சில் மூன்று ஆண்டுகளாக நானும் குறைவில்லாமல் கலந்துகொண்டிருக்கிறேன். அதைப் பொய் என்று கருதியதே இல்லை. 'நலமா' என்று கேட்பவரிடம், காய்ச்சலோடு இருந்தாலும் 'நலம்' என்று சொல்லிவிடுகிறோமே, அதைப் போன்ற ஓர் உபசார வார்த்தையாகவே அது எனக்குப் பட்டது. இரண்டாம் ஆண்டில் ஒரு முறை, உபசாரத்தை உபசாரமாக எடுத்துக்கொள்ளாத ஒருவனிடம் அதைச் சொல்லிவிட்டேன். இப்போது இறுதி ஆண்டில் இருக்கிறேன். பல்கலைக்கழக வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டால், நூலகமோ விழாக்களோ என் நினைவுக்கு வருவதில்லை, அந்த ஒரு வாக்கியம்தான் வருகிறது.

அது மெய்ப் பகுப்பாய்வு என்ற கணிதத் தாளின் இடைத்தேர்வுக்கு முந்தைய இரவு. விடுதியில் எனக்கு அடுத்த அறையில் என் வகுப்புத் தோழன் ஒருவன் இருந்தான். அவனும் நானும் ஒருவரையொருவர் தேர்ந்தெடுத்துப் பழகியவர்கள் அல்லர். அறைகளை ஒதுக்கிய வரிசைதான் எங்களைப் பழக வைத்தது. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் மாணவர் குடியிருப்பு ஒன்றில் யார் யாரோடு நட்பாகிறார்கள் என்று உளவியலாளர் பெஸ்டிங்கரும் அவருடைய கூட்டாளிகளும் ஆராய்ந்து 1950-இல் வெளியிட்ட முடிவும் அதுதான்: குணப் பொருத்தத்தைவிட வாசலுக்கும் வாசலுக்கும் இடையிலான தூரமே அங்கே நட்பை அதிகம் தீர்மானித்தது. மாடிப்படிக்குப் பக்கத்து வீடு யாருக்குக் கிடைக்கிறது என்பதுகூட அதில் கணக்கில் வந்தது. எனக்குக் கிடைத்த பக்கத்து வாசல் நல்ல வாசல். கலகலப்பானவன், இரவல் கேட்டால் இல்லை என்று சொல்லாதவன், தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று உரக்கச் சொல்லக்கூடியவன். கடைசியாகச் சொன்ன குணம் எவ்வளவு அரிது என்று அப்போது எனக்குத் தெரியாது.

இரவு பத்தரை மணி இருக்கும். என் மேசையில் பதினோரு தாள்கள் கிடந்தன. எல்லாமே இருபுறமும் எழுதி, அடித்து, ஓரத்தில் திரும்ப எழுதி, அதையும் அடித்த தாள்கள். ஒரே ஒரு நிறுவலுக்காக மூன்று நாட்களாக நடத்திய போர் அது. கதவு தட்டும் ஓசை கேட்டதும் நான் முதலில் செய்தது கதவைத் திறப்பதல்ல. தாள்களை அள்ளித் தலையணைக்கு அடியில் செருகினேன். அதற்குப் பிறகுதான் திறந்தேன். நோட்டுப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி நின்றிருந்தான். "இந்தச் சீரான தொடர்ச்சி உனக்குப் புரிஞ்சுதாடா? டெல்டா ஒவ்வொரு புள்ளிக்கும் மாறுமா, இல்ல எல்லாத்துக்கும் ஒண்ணேதானா? அங்கதான் எனக்கு இடிக்குது" என்றான். விடை குறிப்பிட்ட அளவுக்கு மேல் மாறாமல் இருக்க, ஒரு புள்ளியிலிருந்து எவ்வளவு தூரம் விலகலாம் என்பதுதான் டெல்டா. "நான் இன்னும் புத்தகத்தைத் திறக்கவே இல்லடா" என்றேன். அவன் முகம் மலர்ந்ததை இப்போதும் என்னால் பார்க்க முடிகிறது. "அப்பாடா! நான் மட்டும்தான் இப்படின்னு நினைச்சேன்." உள்ளே வந்து கட்டிலில் அமர்ந்து, அந்தத் தலையணை மீதே கையை ஊன்றிச் சாய்ந்தபடி, அரை மணி நேரம் ஏதேதோ பேசிக்கொண்டிருந்தான். பிறகு, நானே படிக்காதபோது தான் மட்டும் எதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனான். நான் தாள்களை எடுத்து, கசங்கியதை நீவிவிட்டு, ஒரு மணி வரை படித்தேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல முறை என்னையே கேட்டிருக்கிறேன். எங்கள் துறையில் மதிப்பெண் ஒப்பீட்டு முறையில் போடப்படுவதில்லை; இத்தனை எடுத்தால் இந்தத் தரம் என்று முன்கூட்டியே வரையறுத்திருப்பார்கள். வகுப்பின் சராசரியை வைத்துத் தரம் பிரிக்கும் இடமாக இருந்திருந்தால், அடுத்தவனின் சறுக்கல் எனக்கு லாபம் என்றாவது ஒரு கணக்குச் சொல்லலாம். இங்கே அவன் தோற்பதால் எனக்கு அரை மதிப்பெண்கூடக் கூடப்போவதில்லை. ஆகவே அது போட்டியால் வந்த பொய் அல்ல. எனக்குக் கிடைத்த விடை இன்னும் அற்பமானது. நாளை நான் குறைந்த மதிப்பெண் எடுத்துவிட்டால், 'படிக்கவில்லை, அதனால் வரவில்லை' என்று சொல்ல ஓர் இடம் வேண்டியிருந்தது. ஒருவேளை அதிக மதிப்பெண் எடுத்துவிட்டால், 'படிக்காமலே எடுத்தான்' என்ற பெயர் கிடைக்கும். எப்படி விழுந்தாலும் எனக்கே சாதகமாக விழும் காய் அது. பெர்க்லாஸ், ஜோன்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1978-இல் வெளியிட்ட ஒரு சோதனையைப் பற்றிப் பின்னர் வகுப்பில் கேட்டபோது, யாரோ என் தலையணையைத் தூக்கிப் பார்த்துவிட்டது போல இருந்தது. விடையே இல்லாத கேள்விகளைக் கொடுத்து, 'நன்றாகச் செய்தாய்' என்று மாணவர்களைப் பாராட்டினார்கள். அடுத்த சுற்றுக்கு முன், திறனைக் கூட்டும் மாத்திரை ஒன்று, குறைக்கும் மாத்திரை ஒன்று, எது வேண்டும் என்று கேட்டார்கள். எப்படி வென்றோம் என்று தங்களுக்கே தெரியாத மாணவர்களில் பலர், அதிலும் குறிப்பாக ஆண்கள், திறனைக் குறைக்கும் மாத்திரையை எடுத்தார்கள். தோற்றால் பழி மாத்திரையின் மேல் போகும் அல்லவா? எனக்கு மாத்திரைகூடத் தேவைப்படவில்லை. ஒரு வாக்கியமே போதுமானதாக இருந்தது.

மூளை வேற

பத்து நாளில் மதிப்பெண்கள் வந்தன. வகுப்பில் இரண்டாவது இடம் எனக்கு. அவன் தேறவில்லை. அன்று மாலை அவனே என் அறைக்கு வந்து கைகொடுத்தான். அவன் குரலில் பொறாமை துளியும் இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். "புத்தகத்தையே திறக்காம இவ்வளவு எடுத்துட்ட. உனக்கெல்லாம் மூளை வேறடா. நான் ரெண்டு வாரமா படிச்சும் வரல" என்றான். நான் சிரித்து வைத்தேன்.

அவனுடைய தருக்கத்தில் ஒரு பிழையும் இல்லை என்பதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது. படித்தவன் தோற்றான், படிக்காதவன் வென்றான். ஆகவே வெற்றி படிப்பால் வருவதல்ல, பிறப்பிலேயே வருவது. இப்படி ஒரு நிறுவலை விடைத்தாளில் எழுதியிருந்தால் முழு மதிப்பெண் கொடுத்திருப்பார்கள். பொய்யான எடுகோள் என்னுடையது. அதிலிருந்து அவன் முறையாகத்தான் முடிவுக்கு வந்தான். பல்கலைக்கழகத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் தத்தம் பள்ளியில் முதல் வரிசையில் இருந்தவர்கள். ஒரே அறையில் அத்தனை முதல் வரிசைகளையும் கொண்டுவந்து உட்கார வைத்தால், ஒரு பாதி கட்டாயம் பின்வரிசையாகத்தான் வேண்டும். அப்போது மனம் ஒரு விளக்கத்தைத் தேடும். 'எனக்கு இது வராது' என்பதுதான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் விளக்கம். அதை என் தோழனின் கையில் எடுத்துக் கொடுத்தது நான்.

வகுப்பறையிலும் இதே கதைதான், ஓசையில்லாமல் நடக்கிறது. "சந்தேகம் ஏதாவது இருக்கிறதா?" என்று பேராசிரியர் கேட்பார். நாற்பது பேர் நாற்காலிகளில் அசையாமல் இருப்போம். எனக்குப் புரியவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் மற்ற முப்பத்தொன்பது பேரின் அமைதியைப் புரிந்ததற்கான அடையாளமாக எடுத்துக்கொள்வேன். அவர்களும் என் அமைதியை அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள் என்று ஒரு கணம்கூடத் தோன்றாது. மில்லர், மெக்ஃபார்லண்ட் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1987-இல் வெளியிட்ட ஆய்வில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். வேண்டுமென்றே குழப்பமாக எழுதிய ஒரு கட்டுரையை மாணவர்களிடம் கொடுத்து, புரியாவிட்டால் வந்து கேட்கலாம் என்றார்கள். மாணவர்கள் எழுந்து போய்க் கேட்கவில்லை. தான் கேட்காததற்குக் காரணம் கூச்சம் என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. மற்றவர்கள் கேட்காததற்குக் காரணம் அவர்களுக்குத் தன்னைவிட நன்றாகப் புரிந்துவிட்டது என்று நினைத்தார்கள். ஒரு வேடிக்கை என்னவென்றால், வகுப்புக்குள் எல்லாம் புரிந்தது போல உட்கார்ந்திருக்கும் அதே நாற்பது பேர்தான், தேர்வு அறையின் வாசலில் எதுவுமே படிக்காதவர்களாக மாறிவிடுகிறோம். இரண்டு இடங்களிலும் மறைப்பது ஒன்றைத்தான்: புரியாத இடத்துக்கும் புரிந்த இடத்துக்கும் நடுவே தனியாக நடந்த தூரத்தை.

காரணம் என்ற கட்டம்

இடைத்தேர்வு முடிந்து மூன்று வாரங்கள் இருக்கும். பேனா கேட்டு வந்தான். கையில் ஒரு படிவம் இருந்தது. துறை மாற்றத்துக்கான விண்ணப்பம். பெயர், சேர்க்கை எண், தற்போதைய துறை எல்லாம் ஏற்கெனவே எழுதிவிட்டான். பேனாவில் மை தீர்ந்திருந்தது. 'காரணம்' என்று போட்டிருந்த கட்டத்தில் அவனுடைய உருண்டையான கையெழுத்தில் ஒரு வரி பாதியில் நின்றது: 'கணிதத்துக்குத் தேவையான இயல்பான திறமை எனக்கு'. மீதிச் சொல்லை எழுதத்தான் என் பேனா அவனுக்குத் தேவைப்பட்டது.

பேனாவைக் கொடுக்காமல் நின்றேன். பெரிய மனப் போராட்டம் எதுவும் நடக்கவில்லை. வெட்கம் மட்டும் காது வரை ஏறியது. மேசை இழுப்பறையில் அந்தப் பதினோரு தாள்கள் இன்னும் இருந்தன. எடுத்து அவன் முன்னால் வைத்தேன். "அன்னிக்கு நீ வந்தப்ப இதெல்லாம் தலகாணிக்கு அடியில இருந்தது" என்றேன். அவன் உடனே ஒன்றும் சொல்லவில்லை. முதல் தாளை எடுத்துப் பார்த்தான், திருப்பிப் பார்த்தான், இரண்டாவது, மூன்றாவது. கோபித்துக்கொள்வான் என்று எதிர்பார்த்து நின்றேன். ஐந்தாவது தாளில் ஓரிடத்தைச் சுட்டி, "இதத் தப்பா போட்டிருக்க" என்றான். பிறகு, "அப்ப நீயும் உட்கார்ந்து முக்கித்தான் படிச்சிருக்க" என்றான். அதில் குற்றச்சாட்டைவிட நிம்மதிதான் அதிகம் இருந்தது. அந்த நிம்மதியைத் தாங்கிக்கொள்வதுதான் கடினமாக இருந்தது.

என் திருத்தமான குறிப்பேட்டை, அடித்தல் இல்லாமல் நீல மையில் எழுதியதை, அவன் முன்பே பலமுறை வாங்கிப் பார்த்திருக்கிறான். அது அவனுக்கு உதவியதே இல்லை. அதில் நிறுவல் முதல் வரியில் தொடங்கிக் கடைசி வரியில் முடியும், நான் ஒரே மூச்சில் எழுதி முடித்தது போல. தவறான வழிகள் எதுவும் அதில் இருக்காது. அடித்தல் திருத்தலோடு கிடந்த தாள்களில்தான் முதலில் ஏன் அப்படி முயன்றேன், எங்கே முட்டிக்கொண்டேன், எதற்காகத் திரும்பினேன் என்பதெல்லாம் இருந்தது. அன்றிரவு இருவரும் தரையில் தாள்களைப் பரப்பி உட்கார்ந்தோம். அவன் பழைய கேள்வியையே கேட்டான்: டெல்டா புள்ளிக்குப் புள்ளி மாறுமா, மாறாதா? நான் வரையறையை ஒப்பித்தேன். "அது தெரியும். ஏன்?" என்றான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வகுப்பில் இரண்டாவது மதிப்பெண் வாங்கியவனுக்கு, அந்தக் கேள்வி தோன்றியதே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. நான் நிறுவலை மனப்பாடம் செய்திருந்தேன்; மனப்பாடம் செய்ய மூன்று நாட்கள் போராடியிருந்தேன், அவ்வளவுதான்.

வெளிச்சம் அவன் பக்கத்திலிருந்துதான் வந்தது. எக்ஸின் வர்க்கத்தை எடுத்துக்கொண்டு, எண்களைப் போட்டுப் பார்க்கலாம் என்றான். விடையில் ஒன்றுக்கு மேல் வித்தியாசம் வரக்கூடாது என்று வைத்துக்கொள்வோம். பத்துக்குப் பக்கத்தில் நின்றால், கிட்டத்தட்ட 0.05 தூரம் வரை விலகலாம். ஆயிரத்துக்குப் பக்கத்தில் நின்றால், 0.0005 விலகுவதற்குள்ளேயே விடை ஒன்று மாறிவிடுகிறது. மேலே போகப் போக, விலகக்கூடிய தூரம் சுருங்கிக்கொண்டே போகிறது. "அப்ப எல்லாப் புள்ளிக்கும் சேர்த்து ஒரே டெல்டா எப்படிடா கிடைக்கும்? கிடைக்காது" என்றான். ஒவ்வொரு புள்ளியிலும் தொடர்ச்சி உண்டு. ஆனால் எண்கோடு முழுவதற்கும் சீரான தொடர்ச்சி இல்லை. பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை என்று எல்லை கட்டிவிட்டால், சுருங்குவதற்கு அடிமட்டம் வந்துவிடுகிறது. அப்போது ஒரே டெல்டா போதும். இருபது நிமிடம் ஆகியிருக்கும். நான் பதினோரு தாள்களில் தொடாத இடத்தை அவன் அரைத் தாளில் தொட்டுவிட்டான். இந்தக் கேள்வியைத்தான் அந்த இரவில் என் வாசலுக்குக் கொண்டுவந்திருந்தான். அன்று கதவைத் திறந்து உண்மையைச் சொல்லியிருந்தால் அவனுக்கு நான் உதவியிருப்பேன் என்று அதுவரை நினைத்து வருந்திக்கொண்டிருந்தேன். உண்மையில் உதவி எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போயிருக்கும்?

கழகம்

படிப்பு வேறு, பழக்கம் வேறு என்று முதல் ஆண்டிலேயே எனக்கு நானே ஒரு கோடு போட்டிருந்தேன். நூலகத்தில் தனியாக உட்காருவேன். அது முடிந்ததும் நண்பர்களோடு அரட்டை. அங்கே பாடத்தைப் பற்றி வாயே திறக்க மாட்டேன். அதுதான் ஒழுங்கு என்று நினைத்தேன். யூரி டிரைஸ்மன் என்ற கணிதவியலாளர் 1970-களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வைப் படித்தபோது, அந்தக் கோட்டை இன்னொருவர் வரைபடத்தில் பார்த்தேன். நுண்கணித வகுப்பில் கறுப்பின மாணவர்கள் பலர் ஏன் தோற்கிறார்கள் என்பது அவருடைய கேள்வி. ஊக்கமில்லை, அடித்தளம் போதவில்லை என்று ஆசிரியர்கள் பல காரணங்களை வைத்திருந்தார்கள். அவர் கறுப்பின மாணவர்கள் இருபது பேரோடும் சீன வம்சாவளி மாணவர்கள் இருபது பேரோடும் மாதக்கணக்கில் கூடவே இருந்து கவனித்தார். முதல் குழுவினர் ஊக்கத்தில் குறைந்தவர்களாக இல்லை. பள்ளியில் சிறந்து விளங்கியவர்கள். ஆனால் தனியாகவே படித்தார்கள். படிப்பையும் நட்பையும் பிரித்தே வைத்திருந்தார்கள். இரண்டாம் குழுவினரில் பலர் தனியாகப் படித்துவிட்டுப் பிறகு ஒன்றுகூடி, ஒருவர் விடையை ஒருவர் திருத்தி, தீராத கணக்கை நடுவில் போட்டு மல்லுக்கட்டினார்கள். எல்லோருக்குமே வராத கணக்கு எது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தனியாக இருந்தவனுக்கு அது தெரிய வழியில்லை. தனக்கு மட்டும் வரவில்லை என்றே அவன் நினைத்தான். டிரைஸ்மன் பிறகு அமைத்த பயிற்சிக் குழுக்களில், பின்தங்கியவர்களுக்கென்று எளிய பாடம் நடத்தவில்லை. கடினமான கணக்குகளைக் கொடுத்துச் சேர்ந்து உட்கார வைத்தார். அது வேலை செய்தது.

நம் மொழியில் இந்த இடத்துக்கு வைத்திருக்கும் பெயரைப் பாருங்கள்: பல்கலைக்கழகம். கழகம் என்றால் கூட்டம், கற்றோர் கூடும் அவை. ஐரோப்பாவில் 'யூனிவர்சிட்டி' என்ற சொல் பிறந்த கதையும் இதேதான்: 'யூனிவர்சிட்டாஸ்' என்பது கட்டடத்தைக் குறிக்கவில்லை, ஆட்கள் சேர்ந்த சங்கத்தைக் குறித்தது, இத்தாலியின் பொலோனியாவில் அது மாணவர்களின் சங்கமாகவே இருந்தது, தாமதமாக வரும் ஆசிரியருக்கு அபராதம் விதிக்கும் அளவுக்கு. ஆனால் கழகம் என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் இன்னொரு பொருளும் உண்டு. திருக்குறளின் சூது அதிகாரத்தில் அது சூதாடும் இடம். தேர்வு அறையின் வாசலில் நாங்கள் முகத்தை இறுக்கிக்கொண்டு, கையில் இருப்பதை ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு நிற்பதை நினைத்தால், எந்தப் பொருளில் நாங்கள் கழகத்தில் சேர்ந்தோம் என்ற ஐயம் வருகிறது.

அவன் துறை மாறிவிட்டான். அந்த இரவுக்குப் பிறகும் மாறினான். 'காரணம்' கட்டத்தில் இருந்த அரை வரியை அடித்துவிட்டு, 'புள்ளியியலில் ஆர்வம்' என்று எழுதினான். அது உண்மையான ஆர்வமா, எழுதத் தோதான சொல்லா என்று நான் கேட்கவில்லை. புள்ளியியலில் நன்றாகவே படிக்கிறான். எப்போதாவது எதிரில் வரும்போது நின்று பேசுகிறோம். என் வாக்கியம் இல்லாவிட்டாலும் அவன் போயிருக்கக்கூடும். அதை அறிய வழியில்லாததால்தான் இது எனக்குள் இன்னும் முடிந்தபாடில்லை.

அதற்குப் பிறகு உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். அது நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. தேர்வு அறையின் வாசலில், "நான்கு நாட்களாகப் படிக்கிறேன்" என்று சொன்ன முதல் நாள், சுற்றி நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பீற்றிக்கொள்கிறான் என்று நினைத்திருப்பார்கள். அவர்கள் மேல் தவறில்லை. எல்லோரும் படிக்கவில்லை என்று சொல்லும் கூட்டத்தில், படித்தேன் என்பது தகவலாகக் காதில் விழாது, அறைகூவலாகத்தான் விழும். எத்தனை மணி நேரம் படித்தேன் என்பதைவிட, எது புரியவில்லை என்பதைச் சொல்வதுதான் சரியான உண்மை என்று பிறகு பட்டது. அதைச் சொல்வதற்குத்தான் நாக்கு எழாமல் இருந்தது. நான்கு முறை, ஐந்து முறை சொன்ன பிறகு ஓரளவு பழகியது. இப்போதும் சில நாட்களில், யாராவது கேட்டவுடன் பழைய வாக்கியம் பாதி வரை வாய்க்கு வந்துவிடுகிறது.

போன மாதம் ஒரு தேர்வுக்கு முன், முதலாண்டு மாணவன் ஒருவன் நடைபாதையில் என்னைப் பார்த்து, "படிச்சிட்டீங்களா அண்ணா?" என்றான். "படிச்சேன். கடைசிப் பாடத்துல ரெண்டாவது தேற்றம் மட்டும் எத்தனை தடவை பார்த்தாலும் பிடிபடல" என்றேன். அவன் என்ன சொல்வதென்று தெரியாமல் ஒரு நொடி நின்றான். "எனக்கும் ஒண்ணு அப்படி இருக்கு" என்று சொல்லிவிட்டு, தோளில் தொங்கிய பையைக் கழற்றி, அதற்குள் கைவிட்டு, நான்காக மடித்திருந்த தாள் ஒன்றை எடுத்தான். இருபுறமும் எழுதி, அடித்திருந்தான்.